ஆறு குட்டிகளும் ஒரு மெத்தையும்

ஜூன் 3, செவ்வாய்

கால்நடை டாக்டர் ஜெபசீலன் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எந்தக் குட்டி எவ்வளவு குடித்தது, எத்தனை முறை வெளிக்குப் போனது, எடை எவ்வளவு. "உங்க ஞாபகத்தை நம்பி ஊசி போட முடியாது மேடம்" என்றார். முப்பத்தோரு வருடம் தொலைபேசித் துறையில் பழுதுப் பதிவேடு எழுதியவளிடம் இப்படிச் சொல்கிறார். நேற்றுப் பிறந்த பிள்ளை, ஊசி போடும் கை மட்டும் நல்ல கை. பேசாமல் ஒரு டைரி வாங்கி வந்தேன்.

காப்பகத்தில் இன்றைய நிலவரம்: தடுப்பூசி போட்ட பெரிய நாய்கள் பதினொன்று, குட்டிகள் ஆறு. குட்டிகளின் தாய் போன மாதம் ரிங் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. இங்கே வந்தபோது ஆறுக்கும் கண் சரியாகத் திறக்கவில்லை. இப்போது ஐந்து வாரம். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் தடுப்பூசி. அதுவரை காப்பாற்றி விட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்கிறார் டாக்டர்.

நான் கழுத்து நாடாவில் 1 முதல் 6 வரை எழுதிக் கட்டியிருக்கிறேன். இருளாயிக்கு எண்கள் பிடிக்கவில்லை. இருளாயி இங்கே நான்கு வருடமாகக் கூட்டிக் கழுவும் வேலை பார்ப்பவள். முதல் பத்து நாள், ராத்திரியும் பால் புகட்ட வேண்டியிருந்ததால், ஆறையும் கூடையில் போட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டு போய்க் காலையில் திரும்பக் கொண்டு வந்தாள். வழியில் வரும் நிறுத்தங்களையே பெயராக வைத்துவிட்டாள். எல்லாரும் மேலே ஏறிப் படுக்கும் குண்டன் மாட்டுத்தாவணி. தட்டுக்கு நடுவில் நின்று யாரையும் போக விடாதவன் கோரிப்பாளையம். நின்ற இடத்தையெல்லாம் நனைப்பவள் தெப்பக்குளம். செங்கல் நிறத்தவன் காளவாசல். ஓயாமல் கத்துபவன் ஆரப்பாளையம். சத்தமே இல்லாத பெட்டை சிம்மக்கல்.

இத்தனை நிறுத்தமும் ஒரே பஸ்ஸில் வராதே என்றேன்.

"ரெண்டு பஸ்ஸு மாறித்தானம்மா வாரேன்" என்றாள்.

நான் எண்களைத்தான் எழுதுவேன், அவள் பெயர் சொன்ன அதே வரிசையில். 1: ஒன்றேகால் கிலோ. 2: ஒரு கிலோ நூறு. 3, 4: ஒரு கிலோ. 5: ஒரு கிலோ ஐம்பது. 6: எண்ணூறு கிராம்.

ஜூன் 5, வியாழன்

கற்பகவல்லி என்று ஒரு அம்மாள் காரில் வந்தார். அவருடைய லாப்ரடார் குட்டி ப்ரூனோ மூன்று மாத வயதில் இறந்துவிட்டது. இன்று பதினாறாம் நாள். மனிதர்களுக்குச் செய்வது போல, அதன் பொருட்களை யாருக்காவது தானம் செய்துவிட வேண்டும் என்று கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு, ரப்பர் எலும்பு, பாதி தீர்ந்த உணவு மூட்டை, ஒரு மெத்தை. மெத்தை என்றால் சாதாரண மெத்தை இல்லை. ஊதா நிற வெல்வெட், நாலு பக்கமும் தலையணை மாதிரி கரை. என் வீட்டில்கூட அப்படி ஒன்று கிடையாது.

எப்படிம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"யாரோ மருந்து வச்சுட்டாங்க மேடம். ரெண்டே நாள். வாந்தி, பேதி, பின்னாடி ரத்தமாப் போச்சு. எதிர்வீட்டுக்காரர்தான் குரைக்குது குரைக்குதுன்னு சொல்லிட்டே இருந்தார்" என்று அழுதார். வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைப்பவன் விளங்குவானா.

குட்டிகள் மெத்தையில் படுப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார். இருளாயி மெத்தையை மூக்கருகே கொண்டு போனவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏதோ வாடை வருதும்மா. சுடுதண்ணியில அலசி ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு விரிப்போம்."

துக்கத்தோடு வந்து நிற்பவர் எதிரில், அவர் கொடுத்ததை வாங்கிய கையோடு கழுவப் போட்டால் என்ன நினைப்பார். நான் கண்ணால் அதட்டினேன். குட்டிகள் அறையில் விரித்ததும் ஆறும் ஏறிப் புரண்டன. கற்பகவல்லி அழுதுகொண்டே சிரித்தார். நான் படம் எடுத்து எங்கள் நன்கொடையாளர் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் நாற்பது இதயங்கள்.

ஜூன் 6, வெள்ளி

பினாயில் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். குட்டிகள் மெத்தையை விட்டு இறங்க மாட்டேன் என்கின்றன.

ஜூன் 8, ஞாயிறு

காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் மனைவியோடு வந்தார். அவர் மனைவி மூக்கைப் பொத்தத் தயாராக முந்தானையைப் பிடித்தபடியே உள்ளே வந்து, பிறகு முந்தானையை விட்டுவிட்டார். "நாய்க் காப்பகம் மாதிரியே இல்லைங்க. ஆஸ்பத்திரி வாசனை வருது." இதற்குத்தான் ஒரு நாளைக்கு மூன்று முறை பினாயில் போட்டுக் கழுவ வைக்கிறேன். சுத்தத்தில் என்னிடம் யாரும் குறை சொல்ல முடியாது. இருளாயிக்கு நான் தொணதொணக்கிறேன் என்று நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும்.

6: எண்ணூற்று எழுபது கிராம். தேறிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

5 காலையில் சாப்பிடவில்லை. கத்தவும் இல்லை. ஆரப்பாளையம் கத்தாததால் காப்பகமே வேறு இடம் மாதிரி இருந்தது. பூச்சி மருந்து கொடுத்தேன். "வெளிக்குப் போனது வேற மாதிரி நாறுதும்மா" என்றாள் இருளாயி. நாய் மலம் நாறாமல் மணக்குமா என்றேன்.

மாலையில் இரண்டு முறை வாந்தி. மஞ்சள் நுரை.

ஜூன் 11, புதன்

டாக்டர் வந்தார். 5க்கு ரத்தபேதி. 1ம் 2ம் சுருண்டு கிடக்கின்றன. மலத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு சின்னச் சோதனைப் பட்டையில் விட்டார். இரண்டு கோடு விழுந்தது.

"பார்வோ. நாய்க்குட்டிகளுக்கு வர்ற வைரஸ் நோய்" என்றார். "மருந்து கிடையாது மேடம். சலைன் ஏத்தி, வாந்தியை நிறுத்தி, அது தாக்குப் பிடிக்குதான்னு பார்க்கணும். தடுப்பூசிக்கு நாலு நாள் முந்திக்கிச்சு."

நான் மூன்று வேளையும் பினாயில் போட்டுக் கழுவுவதைச் சொன்னேன்.

"பினாயில் உங்க மூக்குக்குச் சுத்தம். இந்தக் கிருமிக்கு அது பன்னீர். ப்ளீச்சிங் பவுடர்தான் கேக்கும். மொதல்ல மலத்தை வழிச்செடுத்து, சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். அப்புறம் ப்ளீச்சிங் தண்ணி. பத்து நிமிஷம் தரையில நிக்கணும், உடனே தள்ளி விடக் கூடாது. இது மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். செருப்புல போகும், துணியில போகும், கையில போகும். விரிச்ச துணி எல்லாத்தையும் எரிச்சிருங்க." பிறகு கேட்டார், "புதுசா ஏதாவது உள்ள வந்துச்சா?"

புது நாய் எதுவும் வரவில்லை என்றேன். அது உண்மை. இருளாயி என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

நோய் கண்ட மூன்றும் பின்னறையில். மற்ற மூன்றும் முன்னறையில். விரித்திருந்த பழைய சேலைகள் பதினான்கையும் எரித்தோம். மெத்தையை எரிக்க மனம் வரவில்லை. கற்பகவல்லி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்து எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது. ப்ளீச்சிங் போட்டால் சாயம் போய்விடும். சோப்பில் இரண்டு முறை துவைத்து, மின்விசிறியில் காய வைத்து, முன்னறையில் விரித்தேன். நல்லா இருக்கும் மூன்று குட்டிகளாவது சுகமாகப் படுக்கட்டும்.

"அதையும் நெருப்புல போட்ருவோம்மா" என்றாள் இருளாயி. எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு.

ஜூன் 12, வியாழன்

5 காலை ஏழரைக்குப் போய்விட்டது. ஒன்றரை நாள்தான். எடை பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. எழுநூற்றிருபது கிராம். பின்பக்க வேலியோரம் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு இருளாயி புதைத்தாள்.

டாக்டர் சொன்னபடி கம்பிக் கதவருகே ஒரு தட்டில் ப்ளீச்சிங் தண்ணீர் வைத்தோம். உள்ளே வருபவர்கள் செருப்போடு அதில் இறங்கி ஏற வேண்டும். காலையில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள் என்றால் கூச்சப்படுகிறார்கள். கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னது போல ஒரு முழி. இனி யாரும் வர வேண்டாம் என்று குழுவில் எழுதிவிட்டேன்.

எனக்கு முட்டுவரை ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. ஒரு ஜோடிதான்.

ஜூன் 13, வெள்ளி

மாட்டுத்தாவணி போய்விட்டது. எண்ணைத்தான் எழுத நினைத்தேன், கை இப்படி எழுதிவிட்டது. கொழுகொழுவென்று இருந்தவனுக்கு நரம்பு கிடைக்கவில்லை. டாக்டர் நான்கு இடத்தில் குத்திப் பார்த்தார். கடைசி ஒரு மணி நேரம் இருளாயி மடியில் கிடந்தான். நான் ப்ளீச்சிங் கரைத்துக் கொண்டிருந்தேன்.

முன்னறையில் 4 சாப்பிடவில்லை.

மத்தியானம் இருளாயி தட்டைத் தாண்டிக் குதித்து உள்ளே போவதைப் பார்த்தேன். வெறுங்கால். கூப்பிட்டுக் கேட்டேன்.

"குதிகால் வெடிச்சிருக்கும்மா. அந்தத் தண்ணி பட்டா எரியுது. ஒரு நாளைக்கு இருபது தடவை உள்ள வெளிய போறேன். கால சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் போறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இரண்டு உயிர் போயிருக்கிறது, உனக்குக் கால் எரிகிறதா என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 14, சனி

குழுவில் காலையிலிருந்து ஒரே கேள்வி. எப்படி வந்தது, யார் கவனிக்கவில்லை, நாங்கள் கொடுப்பதெல்லாம் என்ன ஆகிறது. செயலாளர் போனில், "நாம ஏதாவது நடவடிக்கை எடுத்தோம்னு காட்டணும் மேடம்" என்றார். எல்லாரும் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும்போது, பதில் கையில் இருந்தது.

இருளாயியை நிறுத்திவிட்டேன். குழுவில் எழுதியது: "நோய்த்தடுப்பு விதிகளைக் கடைப்பிடிக்காமல் கவனக்குறைவாக இருந்த துப்புரவுப் பணியாளர் இருளாயி இன்று முதல் நீக்கப்பட்டார். இனி இத்தகைய தவறு நடக்காது." சரியான முடிவு என்று பலர் எழுதினார்கள்.

ப்ளீச்சிங் தட்டு வைத்தது பன்னிரண்டாம் தேதி. முதல் குட்டி படுத்தது பத்தாம் தேதி. இதை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன, கவனக்குறைவு கவனக்குறைவுதான்.

அவள் மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள்: "சிம்மக்கல்லு தட்டுல கஞ்சி வச்சா குடிக்காது. விரல்ல தொட்டு அண்ணத்துல தடவுங்க. காளவாசலுக்கு வலது பக்கமாப் படுக்க வச்சாத்தான் மூச்சு சீரா வரும்."

ஜூன் 15, ஞாயிறு

இன்று தடுப்பூசி போட வேண்டிய நாள். டாக்டர் தடுப்பூசி கொண்டு வரவில்லை, சலைன் பாட்டில்தான் கொண்டு வந்தார். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. தனியாக எல்லாவற்றையும் கழுவினேன். மலத்தை வழித்து, சோப்பு, பிறகு ப்ளீச்சிங், பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று இதுவரை தெரிந்ததில்லை. கையுறைக்குள் தண்ணீர் போய் விரலிடுக்கெல்லாம் எரிகிறது.

பெரிய நாய்கள் பதினொன்றும் கம்பிக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கின்றன. அவள் வரும் பஸ்ஸின் நேரம் அவற்றுக்குத் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

கோரிப்பாளையம் போய்விட்டது. காளவாசலுக்கு ரத்தபேதி. தெப்பக்குளமும் சிம்மக்கல்லும் சாப்பிடவில்லை. முன்னறையில் நல்லா இருந்த மூன்றும் இப்போது நோயாளிகள்.

இருளாயி போன பிறகும் நோய் நிற்கவில்லையே என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் விட்டுப்போன கிருமியாக இருக்கும் என்றேன். அவர் மெத்தையைப் பார்த்தார். "இது எரிக்கலையா?" என்றார். துவைத்துவிட்டேன் என்றேன். "எங்க வாங்கினது?" என்றார். நன்கொடை என்றேன். அதற்குள் காளவாசலுக்குச் சலைன் நின்றுவிட்டது, பேச்சும் அதோடு நின்றுவிட்டது.

மெத்தையை எடுத்து வெளியே கொடியில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஜூன் 17, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குக் கற்பகவல்லி போன் செய்தார். மனது தாங்காமல் இங்கே வந்துபோன மறுநாளே வேறு ஒரு குட்டி வாங்கினாராம். அதுவும் போன வாரம் செத்துவிட்டது. அதே மாதிரி வாந்தி, அதே மாதிரி ரத்தம். இந்த முறை வேறு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். பட்டையில் இரண்டு கோடு விழுந்ததாம்.

"அப்ப ப்ரூனோவுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு சொல்றார் மேடம். விஷமே இல்லையாம். பாவம், அந்த எதிர்வீட்டுக்காரரை ஊர் பூராவும் தப்பாச் சொல்லி வச்சிருக்கேன்." பிறகு, தயங்கித் தயங்கி, "அந்த மெத்தை... உங்க குட்டிங்க எல்லாம் நல்லா இருக்கா மேடம்?" என்றார்.

நல்லா இருக்கு என்றேன்.

ஜூன் 18, புதன்

மெத்தையை எரித்தேன். வெல்வெட் எரியும்போது பிளாஸ்டிக் நாற்றம் வருகிறது. அதோடு வந்த சாப்பாட்டுத் தட்டு, ரப்பர் எலும்பு, உணவு மூட்டை எல்லாம் போட்டேன்.

காளவாசல் பன்னிரண்டு மணிக்கு. வலது பக்கமாகத்தான் படுக்க வைத்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதியதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஐந்தாம் தேதி: மெத்தை வந்தது. பத்தாம் தேதி: முதல் வாந்தி. நடுவில் ஐந்து நாள். இந்தக் கிருமி உள்ளே போய் வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார், அதை நான் எழுதவில்லை. மற்றதெல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இருளாயி அலசச் சொன்னது இருக்கிறது. எரிக்கச் சொன்னது இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு" என்று நான் எழுதியதும் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் யாருடைய பழுது எந்தக் கம்பத்தில் என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

சோப்பில் துவைத்த மெத்தையை நல்லா இருந்த மூன்றுக்கும் நானே விரித்தேன். நானேதான்.

ஜூன் 20, வெள்ளி

தெப்பக்குளம். எழுநூறு கிராம்.

சிம்மக்கல் தலையைத் தூக்கவில்லை. கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு அண்ணத்தில் தடவினேன். விழுங்கியது. வாந்தி இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தடவினேன். சாயந்தரம் வரை வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

ஜூன் 21, சனி

சிம்மக்கல் எழுந்து நின்றது. மூன்று அடி நடந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டர் பிழைத்துவிடும் என்றார். ஆனால் இன்னும் இரண்டு வாரத்துக்கு அதன் மலத்தில் கிருமி வெளியேறும், தொட்டவர்கள் ப்ளீச்சிங்கில் கை கழுவ வேண்டும். ஒரு வருடத்துக்கு இந்தக் காப்பகத்தில் தடுப்பூசி போடாத குட்டி எதையும் சேர்க்க வேண்டாம் என்றார்.

சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. நான் செய்ததற்கு ஒன்றாவது சாட்சிக்கு மிச்சம் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஜூன் 22, ஞாயிறு

குளித்து, எல்லாத் துணியையும் மாற்றிக்கொண்டு செல்லூர் போனேன். நான்கு வருடத்தில் இருளாயி வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. சந்து சந்தாக விசாரித்துப் போக வேண்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டைக் கணக்கில் கொண்டு வந்து போட்டு உரித்து வாங்கிப் போவார்களாம். மருமகள் நாற்காலி கொண்டு வந்து போட்டாள். இருளாயி வாங்க என்றாள், கை நிற்கவில்லை.

கற்பகவல்லி போன் செய்ததைச் சொன்னேன். மெத்தைதான் என்றேன். நான்தான் என்றேன்.

"எத்தனை கெடக்கு?" என்றாள்.

"ஒண்ணு. சிம்மக்கல்."

அப்போதுதான் கை நின்றது. "காளவாசலாவது நிக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"மெத்தைதான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"நோயின்னு எனக்கு என்னம்மா தெரியும். வாடைதான் தெரியும்."

"நான் போகச் சொன்னேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, தான் தப்பிக்க அடுத்தவங்க மேல பழி போடுறான்னு இன்னொரு வரி சேத்து எழுதியிருப்பீங்க."

நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நான் அவளுக்கு ஒன்று கொடுப்பது போல இருந்தது.

"லேடீஸ் ஹாஸ்டல்ல காய் நறுக்க ஆள் கேட்டாக. திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாக. அதுக்குள்ள வார்டனம்மா கூப்புட்டு வேணாம்னுட்டாக. அவுக உங்க குரூப்புல இருக்காகளாம். நாய்க்குட்டிகளைச் சாகடிச்சவளச் சாப்பாட்டுப் பக்கம் எப்படி விடுறதுன்னு கேட்டாகளாம்." ஒரு பூண்டை எடுத்து நகத்தால் கீறினாள். "எங்கிட்ட வந்து சொல்லி என்னம்மா ஆகப் போகுது. எங்க எழுதுனீங்களோ அங்க எழுதுங்க."

கிளம்பும்போது மருமகள் காப்பி கொண்டு வந்தாள். குடித்தேன். இருளாயியின் கால் கண்ணில் பட்டது. குதிகாலில் மஞ்சள் பத்து போட்டுத் துணி சுற்றியிருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

எழுதிவிட்டேன். எளிதாக இல்லை. முதலில் எழுதியது: "நன்கொடையாக வந்த பொருள் ஒன்றின் மூலம் நோய் பரவியிருக்கலாம் எனத் தெரிய வந்துள்ளது." படித்துப் பார்த்தால் அதில் யாருமே இல்லை. மெத்தை தானாக நடந்து வந்து படுத்துக்கொண்டது போல இருந்தது. அழித்தேன். கடைசியாகப் போட்டது:

"ஐந்து குட்டிகள் சாகக் காரணம் இருளாயி அல்ல, நான். நோயில் செத்த ஒரு குட்டியின் மெத்தையை நான் வாங்கி, கழுவாமல் விரித்தேன். கழுவச் சொன்னவர் இருளாயி. நோய் வந்த பிறகும் அதை எரிக்காமல் வைத்துக்கொண்டேன். எரிக்கச் சொன்னவரும் இருளாயி. அவர் மீது நான் போட்ட பழி பொய். - வனஜா."

அனுப்பிய பிறகுதான் ஒன்று கவனித்தேன். மெத்தை கொடுத்த குடும்பத்தின் பெயரை நான் எழுதவில்லை. பாவம், அவர்களுக்குத் தெரியாது, மனது புண்படும் என்று தானாகவே விட்டுவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. பதினான்காம் தேதி இருளாயியின் பெயரை எழுதும்போதும் நான் யோசிக்கவில்லை.

காப்பகத்தை மூடச் சொல்வார்கள், என்னை விலகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அறுபது கும்பிடு. "தவறை ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும் மேடம்." "உங்கள் நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்." செயலாளர் ஆண்டுவிழாவில் என்னைக் கௌரவிக்க வேண்டும் என்று எழுதினார். ஹாஸ்டல் வார்டன் கைதட்டும் படம் போட்டிருந்தார். இருளாயியின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை.

வார்டனைக் கூப்பிட்டேன். "புரியுது மேடம். ஆனா இப்ப வேற ஆள் போட்டாச்சே" என்றார்.

ஜூன் 25, புதன்

தரை, சுவர் இடுப்பளவு, கம்பி, வாளி, துடைப்பக் கட்டை எல்லாம் ப்ளீச்சிங். துடைப்பத்தை எரித்தேன். பத்து நிமிடம், பத்து நிமிடமாக நாள் போனது. சிம்மக்கல் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தது. எண்ணூற்று முப்பது கிராம்.

காலணிக் கடையில் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். அளவு தெரியாமல், கடைக்காரன் கேட்டபோது விழித்தேன். ஆறு என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

கற்பகவல்லியிடம் உண்மையைச் சொன்னேன். நிறைய அழுதார். எதிர்வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாராம். அவர் பரவாயில்லைம்மா என்று சொல்லிவிட்டாராம். கற்பகவல்லி அதிர்ஷ்டக்காரர்.

ஜூன் 29, ஞாயிறு

பதினோரு மணி பஸ்ஸில் இருளாயி வந்தாள். பெரிய நாய்கள் போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். பையில் ஒன்றும் இல்லை, வேலைக்கு வந்தவள் மாதிரி இல்லை. பிழைத்ததைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள்.

பூட்ஸைக் கொண்டு போய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். ஒரு அளவு பெரிது. கழற்றி, ஜோடியாகச் சேர்த்துக் கதவோரம் வைத்துவிட்டாள்.

சிம்மக்கல்லை அறையிலிருந்து வெற்றுத் தரையில் இறக்கி விட்டேன். முதலில் அது எங்கேயோ பார்த்தது. "ஏ சிம்மக்கல்லு" என்று அவள் ஒரு முறைதான் சொன்னாள். அந்தக் குட்டி ஓடி நான் பார்த்ததில்லை. கால் பின்ன, விழுந்து எழுந்து ஓடியது. கம்பியிடையே மூக்கை நுழைத்து, வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தியது. அதற்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருளாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனால் இரண்டு கையையும் முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

ப்ளீச்சிங்கில் கையைக் கழுவிவிட்டு அப்புறம் தொடு, ஒன்றும் ஆகாது, உள்ளேயே வா என்றேன். உன் கைதானே அதை வளர்த்தது என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "நாளைக்கு அது ஒரு வேளை தின்னாம கெடந்தா, யாரு தொட்டான்னு கேப்பாக."

யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்கப் போவது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சிம்மக்கல் கம்பியிலிருந்து மூக்கை எடுக்காமல் மூன்று மணி வரை கத்திக்கொண்டிருந்தது. பிறகு தூக்கிக்கொண்டு வந்து எடை பார்த்தேன். எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம்.